கடைசி இடம்

“தோத்துட்டு வாங்கன்னு சொல்லுததுக்கு ஒங்களுக்கு வாய் கூசலையா அண்ணாச்சி?”

சுடலைச்செல்வி போட்ட சத்தத்தில் ஆறுமுகநயினார் சட்டென்று அறைக்கதவைச் சாத்தினார். அவர் ‘முத்துநகர் சுறாக்கள்’ பெண்கள் கூடைப்பந்து அணியின் மேனேஜர். அவள் கேப்டன். வெளியே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில் சீசனின் கடைசி ஆட்டம்.

“மெதுவாப் பேசுளா. முதலாளி சொன்னதைத்தான் சொல்லுதேன். கடைசி இடத்துல முடிக்கிற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் புது ஆளு எடுக்கையில முதல் சான்ஸ். லீக் ரூல் அது. அந்த ஆறடிப் பொண்ணு வாரால்லா, அவ நமக்கு வேணும். இன்னைக்கு ஜெயிச்சுத் தொலைச்சா ஒரு படி மேல ஏறிருவோம். அவ கை நழுவிப் போயிருவா.”

“ஜெயிச்சுத் தொலைச்சாவா?”

“இத்தனை நாளும் சும்மாவே தோத்தீங்க. இன்னைக்கு ஒரு நாள் சொல்லித் தோக்கதுக்கு என்ன கேடு?”

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. லீக்கில் இந்த வருஷம்தான் புதிதாகச் சேர்த்துக்கொண்ட அணி இது. மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களையும் உள்ளூர்ப் பெண்களையும் கூட்டி ஒப்பேற்றியது. பயிற்சி, உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கியில். தரையில் உப்புப் பூத்து ஷூ வழுக்கும். வெளியூர் ஆட்டமென்றால் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே போய், தூங்காத கண்ணோடு ஆடித் தோற்று, நின்றுகொண்டே திரும்ப வேண்டும். முதலாளி மட்டும் விமானத்தில் வந்து திட்டிவிட்டுப் போவார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

“நாங்க தோத்தது முடியாம. வேணும்னு இல்ல.”

“இன்னைக்கு ஜெயிச்சா அடுத்த வருஷம் டீம்ல நீ கிடையாது. பொறவு உங்க அம்மா கூட உப்பளத்துக்குத்தான் போகணும், பாத்துக்கோ.”

“போறேன். அங்கன காலு வெந்து புண்ணாகும். ஆனா பொய்யா உப்பு வாருன்னு எவனும் சொல்ல மாட்டான்.”

கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தாள். மற்ற பெண்களிடம் விஷயத்தை அப்படியே போட்டு உடைத்தாள்.

“நாசமாப் போவ!” என்றாள் நாசரேத்துக்காரி ஜெமி. அணியிலேயே உயரமானவள். “நாம தோக்கதுக்கு மேனேஜர் பெர்மிஷன் வேற வேணுமாக்கும்?”

“ஏளா, சிரிக்காத. ஜெயிச்சா நம்ம வேலை போயிரும். பயமா இருக்கவ இப்பவே சொல்லிருங்க.”

எல்லோரும் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள்.

எதிரணி, பட்டியலில் அவர்களுக்கு நேர் மேலே இருந்த ‘கொங்கு மின்னல்’. மைதானத்துக்கு மேலேதான் தகரக் கூரை. சுற்றிலும் திறப்பு. துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்த ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏளா, இன்னைக்காவது பந்தை வளையத்துல போடுவீங்களா, இல்ல எங்க தலையிலதானா?” என்று அவர்களில் ஒருவர் கத்தினார்.

சுடலைச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவள் ஆடியது ஆட்டமே இல்லை, சண்டை. முழங்கை கிழிந்தது. ஜெமிக்கு உதட்டில் ரத்தம். பந்து போன பக்கமெல்லாம் ஐந்து பேரும் விழுந்து எழுந்தார்கள். அப்படியும் புள்ளிகள் முன்னே பின்னே என்று இழுத்துக்கொண்டே போயின.

கொங்கு மின்னல் கேப்டன் உமாராணி, ஃப்ரீ த்ரோவில் பெரிய பேர் எடுத்தவள். அவள் வீசிய பந்துகூட வளையத்தைத் தொடாமல் போயிற்று.

“நம்ம கடக்காத்துல்லா! மேற்கத்திக்காரிக்குப் பிடிபடுமா?” என்று ஜெமி கத்தினாள். கூட்டம் விசிலடித்தது.

கடைசி நிமிஷத்தில் சுறாக்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். உமாராணி கையிலிருந்த பந்தைச் சுடலைச்செல்வி தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஜெமி பிடித்து எறிந்தாள். அதுவும் தெறித்தது. எதிரணிப் பெண்கள் மலைத்துப்போய் நின்றார்கள். மறுபடியும் சுடலைச்செல்வி பாய்ந்து பிடித்து எறிய, இந்தத் தடவை வலை அசைந்தது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

துறைமுகத்து ஆட்கள் கம்பியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார்கள். கேலி பேசிய ஆள் துண்டைச் சுழற்றிக்கொண்டு அழுதார். ஜெமி தரையில் மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

ஆறுமுகநயினார் மூலையில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு செத்த முகத்தோடு நின்றிருந்தார். சுடலைச்செல்வி நேராக அவரிடம் போனாள்.

“முதலாளிதானே லைன்ல? சொல்லிருங்க அண்ணாச்சி. நாளைக்கே உப்பளத்துக்குப் போறேன். ஆனா நெசமா ஜெயிச்சுட்டுப் போறேன்.”

திரும்பியபோது எதிரே உமாராணி. அவள் கண்கள் கலங்கியிருந்தன. சுடலைச்செல்விக்கு மனசு இளகிவிட்டது. தோற்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தோளோடு அணைத்துக்கொண்டாள்.

“அழாதளா. ஒரு ஆட்டந்தானே.”

“அழுகலீங்க்கா, சந்தோசமுங்க,” உமாராணி அவள் காதோடு சொன்னாள். “அந்த ஆறடிப் பொண்ணுக்காகத் தோத்துட்டு வரச் சொல்லித்தானுங்க எங்க மேனேஜரு அனுப்பினாரு. ஆனா நாங்க தோக்கறதுக்குள்ள உசுரே போயிருச்சு. நீங்க இன்னுங் கொஞ்சம் சீக்கிரமா ஜெயிச்சிருக்கக் கூடாதுங்களா?”