இருபத்தைந்து டாலர் வீம்பு

"ஃபெடரல் வரிக் கணக்கை ஓசியில அனுப்பிட்டு, மாநிலக் கணக்குக்கு மட்டும் இருபத்தஞ்சு டாலர் கட்டுன்னு கழுத்துல துண்டைப் போடுறான் அந்த சாஃப்ட்வேர்காரன். ஒரு காசு தரமாட்டேன்!" அச்சடித்த தாள்களைச் சமையலறை மேசையில் வைத்தான் வெண்டெல். "தபால்லதான் அனுப்பப் போறேன். கையெழுத்துப் போடு."

"அந்தப் பணத்தை நானே தரேன். ஒரு தட்டு தட்டினா முடியற வேலை" என்றாள் மனைவி மார்லிஸ்.

"கொள்கைன்னா கொள்கைதான்."

"இருநூறு டாலருக்குத் தூண்டில் வாங்கினப்போ அந்தக் கொள்கை எங்க போச்சு?"

அவன் பேனாவை நீட்டினான்.

மார்லிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனிடம் கோபித்துக்கொண்டு அவள் தன் அக்காவின் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. கம்ப்யூட்டரில் அனுப்புவதென்றால் ஃபோனிலேயே அவள் சம்மதத்தைக் கேட்டு முடித்திருக்கலாம். இருவருக்கும் சேர்த்துப் போட்ட கணக்கைத் தாளில் அனுப்பினால்தான் கணவன், மனைவி இருவரும் பேனா பிடித்துக் கையெழுத்திட வேண்டும். அதற்காக அயோவா மழையில் நூறு மைல் கார் ஓட்டி வந்திருக்கிறான்.

பேனாவை வாங்கி, அவன் கையெழுத்திட வேண்டிய கோட்டில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

"அடடா, உன் இடத்துல போட்டுட்டேனே! நாளைக்கு வேற தாள் எடுத்துட்டு வா. சாப்பாட்டு நேரமாப் பார்த்து வா."