பலனில்லை என்று ஒரு சீட்டு

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அல்ல. ஜெசிந்தாவுக்கு.

ஜெசிந்தா கட்டிலில் சாய்ந்து, ஊசி ஏறாத கையின் கட்டைவிரலால் போனில் படபடவென்று டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள்.

இருவருக்கும் ஒரே மூட்டு நோய். ஒரே டாக்டர். போன வருடம்வரை ஒரே மாதிரி வீங்கிய விரல்கள்.

கணவர்கள்தான் வேறு வேறு கம்பெனி. அதனால் இன்சூரன்ஸும் வேறு.

ஜெசிந்தா வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் புதிய மருந்துக்குக் கேட்டதும் அனுமதி கொடுத்தது. அவளுடையது கடிதம் அனுப்பியது. முதலில் பழைய மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட வேண்டும். பலனில்லை என்று டாக்டர் எழுதித் தந்தால், புதிய மருந்தைப் பற்றி யோசிப்பார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. மூட்டுக்காவது மாத்திரை உண்டு.

ஜெசிந்தா நல்லவளாக இருந்தது இன்னும் மோசம். கெட்டவள் என்றால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஜெசிந்தா தன் கையாலேயே தொடுத்த மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருடம் கழித்துத் தொடுத்த முதல் சரமாம். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் போட்டாள். கறுத்த பிறகு எடுத்துக் கொட்டினாள்.

இன்றோடு மூன்று மாதம்.

காலையில்தான் அந்த விபரீதம் நடந்தது.

மகள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். புடவைக்கு ஊக்குக் குத்திவிட ஆள் இல்லை. அவளே முயன்றாள்.

ஒரே தடவையில் குத்திவிட்டாள்.

பயந்துபோய் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின.

சந்தோஷப்பட வேண்டியவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் சும்மா கிடந்த பாழாய்ப்போன மாத்திரை, இன்றைக்கென்று பார்த்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இனி வாழ்நாள் முழுக்க அதுதான். ஜெசிந்தாவுக்குப் புதியது, அவளுக்குப் பழையது.

ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும். அவ்வளவுதான்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது டாக்டர்."

"இங்க?"

"அங்கயும்."

"வீக்கம் கொறஞ்ச மாதிரி தெரியுதேம்மா."

அவள் விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையை மூடுங்க."

பாதியில் நிறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நடிப்பு இவ்வளவு சுலபம் என்று அவளுக்கே தெரியாது.

டாக்டரின் பார்வை அவள் தோளுக்குப் போனது. எப்போதும் கேட்கும் கேள்விதான்.

"ஊக்கு யாரு குத்திவிட்டா?"

"பொண்ணு."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு எழுதினார்.

வெளியே ஜெசிந்தா காத்திருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னக்கா சொன்னாரு?"

"எழுதிக் குடுத்துட்டாரு. மாத்திரை பலனில்லன்னு."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு மாசமா எவ்வளவு வலியத் தாங்கிட்டு இருந்திருக்கீங்க. இனிமே உங்களுக்கும் சரியாயிரும்க்கா. பையக் குடுங்க. உங்களால தூக்க முடியாது."

அவள் பையைக் கொடுத்தாள்.

ஜெசிந்தா முன்னால் மெதுவாகப் படி இறங்கினாள், பின்னால் வருபவளுக்கு வலிக்குமே என்று.

முந்தானைக்குள் அவளுடைய கை இறுக மூடியிருந்தது.