காவல் போட்ட வீடு

அங்கம்மாள் குடத்தை வைத்ததும் குழாயடியில் பேச்சு நின்றுபோனது.

கருட சேவைக்குள் ரயில் ஓடுமா ஓடாதா என்று அதுவரை ஒரே சளசளப்பு. இப்போது தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து இதே கதி. ரயில்வே லைன் வீடுகளில் ஆண்கள் பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் தலைமறைவு. அவள் புருஷன் தர்மன் ஒருத்தன்தான் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கருங்காலியின் பெண்டாட்டிக்கு யார் முகம் கொடுப்பார்கள்?

வடிவு முன்னால் வந்தாள். யூனியன் கிளைச் செயலாளர் பஞ்சாட்சரத்தின் மனைவி. அவரைத் தேடி வந்த போலீஸ் அவள் வீட்டில் அரிசிப் பானையைக்கூட விட்டுவைக்கவில்லை.

போன மாசம் வரை இவள் வீட்டுக் குழம்பு அவள் வீட்டுக்குப் போகாத நாளில்லை.

வடிவு அங்கம்மாளின் குடத்தைக் காலால் எட்டித் தள்ளினாள்.

"எம் புருசன் எந்தக் காட்டுல பட்டினி கெடக்குறாரோ! உன் வூட்டு வாசல்ல போலீசு காவல் நிக்குது. சோறு எறங்குதாடி உனுக்கு?"

அங்கம்மாள் குனிந்து குடத்தை எடுத்தாள். வடிவின் காதோடு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போன அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தர்மன் சத்தியம் வாங்கியிருக்கிறானே! வடிவு வாயில் எதுவும் தங்காது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

காலிக் குடத்தோடு திரும்பினாள். கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் இல்லை.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எழுந்து வழிவிட்டார். வேலைக்குப் போகிறவன் வீட்டை யாரும் தாக்கிவிடக் கூடாதென்று சர்க்கார் போட்ட காவல். அவர் ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

கதவைத் தாழிட்டாள். அடுப்படியில், விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் குந்தியிருந்தவருக்குக் கஞ்சி ஊற்றி வைத்தாள்.

போலீஸ் காவல் நிற்கிற வீட்டைப் போலீஸ் சோதனை போடாது என்று கணக்குப் போட்டு, தர்மனை வேலைக்கு அனுப்பியதே அவர்தான்.

பஞ்சாட்சரம் கஞ்சியைத் தொடவில்லை.

"வடிவைப் பாத்தியாம்மா? எப்பிடி இருக்குறா?"

அங்கம்மாள் அடுப்பைக் கிளறுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா நல்லா இருக்குதுண்ணா. இன்னிக்கித்தான் எங்கிட்ட வாயத் தொறந்து பேசுச்சு."