கீறியவர் பெயர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வரைபடத்தில் தன் பெயர் இல்லை என்பதை றெபேக்கா கண்டாள்.

இரண்டு கிழமை லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள். அந்த 2008ஆம் ஆண்டு இளம் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அரிசோனா வீட்டை அதற்கு அனுப்பலாம் என்று பைலைத் திறந்தாள். கீழ் மூலையில், படத்தை வரைந்தவரைக் காட்டும் 'கீறியவர்' என்ற கட்டத்தில், அவள் பெயரை எடுத்துவிட்டுக் குணரத்தினம் என்று போட்டிருந்தது.

மொன்றியல் குளிர் இனி ஏலாது என்று பாலைவனத்துக்குக் குடிபோன ஒரு டொக்டரின் வீடு அது. டொக்டரோடு கதைத்ததெல்லாம் குணரத்தினம். கீறியதெல்லாம் இவள்.

எட்டு மாத உழைப்பு. வெயில் எந்தப் பக்கத்தால் ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்க்க அந்த மண்ணில் நாலு நாள் போய் நின்றாள். மேற்குப் பக்கம் ஒரு யன்னலும் வைக்கவில்லை. சுவர்களை இரண்டடித் தடிப்பில் மண்ணாலேயே எழுப்பச் சொன்னாள். முள்மரம் ஒன்றையும் வெட்டவிடாமல், மரத்துக்கேற்ப வீட்டை வளைத்தாள். போன வருசம் வீடு எழும்பி, டொக்டரும் மனைவியும் அதில் குடிபுகுந்துவிட்டார்கள்.

குணரத்தினம் அவளுடைய பகுதிக்குப் பொறுப்பாளர். திருகோணமலைக்காரர். மொன்றியல் சென்ட் லோரன்டில் இருந்த அந்த ஒபிசில் இருபத்திரண்டு வருசம். இவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

நேரே அவருடைய மேசைக்குப் போனாள்.

"அண்ணை, என்ர பெயரை ஆர் எடுத்தது?"

"நான்தான்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏன்?"

"அதைப் பேந்து கதைப்பம். இப்ப அந்தப் பைலைத் தொடாதையும்."

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே ஒபிசில் இருந்த பதினொரு பேருக்கும் சொல்லிவிட்டாள். ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே என்று இழுத்தான். அவனோடும் கோபித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் தூக்கிவிட்டு வந்த புருசன் டெனிஸ்டன் சப்பாத்தைக் கழற்றமுதலே கொட்டித் தீர்த்தாள். அவனுக்கும் கோபம் ஏறிவிட்டது.

"வெள்ளைக்காரன் செய்தா வழக்குப் போடுவம். எங்கட ஆள் செய்தா மட்டும் அண்ணை எண்டு பேசாமல் இருக்கிறதோ? நாளைக்கே முதலாளியிட்டப் போம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் குணரத்தினம் எதிர்ப்பட்டார்.

"பிள்ளை, இந்த மாதம் முடியுமட்டும் கொஞ்சம் பொறும். பிறகு எல்லாம் சொல்லுறன்."

"கள்ளரோட எனக்குக் கதையில்லை" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கத்தான்.

அவர் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. விலகி வழிவிட்டார்.

முதலாளி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். றெபேக்காவுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அன்றைக்குக் கோபத்தில் இன்னும் நன்றாக வந்தது. அந்த வீட்டில் குணரத்தினத்தின் மூளை ஒரு துளியும் இல்லை, மூலைக்கு மூலை தன்னுடையது என்றாள்.

"நிச்சயமாகவா?" என்றார் அம்மா.

றெபேக்கா தன்னுடைய கொப்பியை எடுத்து மேசையில் விரித்தாள். வேலை தொடங்கிய அன்றே பென்சிலால் கீறியது, திகதியோடு இருந்தது.

"இதைப் பாருங்கள் மதாம். காணிக்குள்ளே ஒரு வறண்ட ஆறு, வெறும் மணல். அந்த மணலைப் பார்த்துக்கொண்டு எழும்புகிற மாதிரிப் படுக்கை அறையை அதன் கரையிலேயே வைத்தது நான். தள்ளி வை, தள்ளி வை என்று அவர் எத்தனையோ தரம் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார்."

அம்மா மேசை லாச்சியைத் திறந்து நாலைந்து படங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

படுக்கை அறை. கட்டில் உயரத்துக்குச் சேறு.

"நீ லீவில் நின்றபோது தூரத்து மலையில் மழை பெய்திருக்கிறது. அந்த ஆறு ஒரு மணித்தியாலம்தான் ஓடியதாம். டொக்டரின் மனைவி இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. அந்த அறையை அங்கே வைத்தவருக்கு இனி இங்கே வேலை இல்லை என்று முடிவெடுத்தோம்."

றெபேக்காவின் விரல் இன்னும் கொப்பியில்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை குணரத்தினம் எழுதித் தந்தார். எல்லாம் தன்னுடைய வேலை, நீ பார்த்துக் கீறியவள் மட்டும்தானாம். மாதக் கடைசியோடு போகிறார்." அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இப்போது நீ வேறு கதை சொல்கிறாய். அவருடைய கடிதம் பொய் என்றால் இங்கேயே கிழித்துவிடுகிறேன். சொல், இதைக் கீறியது யார்?"

றெபேக்கா படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்தாள்.

"கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் மதாம்" என்றாள். "அவர் சொன்னதைத்தான் நான் கீறினேன்."