ஐந்தாவது பட்டை

பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவனுடைய அங்கிக்கு முதுகில் ஜிப் வைத்திருந்தது.

பெண்ணின் அப்பா தியெம் அதைப் பார்த்தார். பார்க்காதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் சித்தப்பன் போட்டிருந்த அங்கியின் நெஞ்சில் டிராகன் அச்சடித்திருந்தது. வாடகைக் கடையின் சீட்டு இன்னும் அக்குளில் தொங்கியது. பழைய அரச தலைநகரான ஹுவேயில், அரச குலத்துக் கிளை வீடொன்றுக்கு, இந்தக் கோலத்தில் வரத் துணிச்சல் வேண்டும். யானை படுத்தாலும் குதிரை மட்டம். அது கழுதைகளுக்கு எங்கே தெரியப்போகிறது?

மாப்பிள்ளையின் தாய் தோவா, சந்தை வாசலில் சிப்பிச் சோறு விற்பவள். விரல்களெல்லாம் ஓடு கீறிய தழும்பு. தியெமின் ஒரே மகள் உயென் அந்தக் கைக்கு மருமகளாகப் போக வேண்டுமாம்.

மறுத்து அனுப்புவதென்று நேற்றே முடிவு செய்துவிட்டார். கௌரவமான ஒரு காரணம்தான் பாக்கி. உயெனுக்கும் அது தெரியும். தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி, ஊற்றாமல் நின்றிருந்தாள்.

தோவா மட்டும், ஐந்து துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் பழைய ஐந்து பட்டை அங்கி அணிந்திருந்தாள். நாவல்பழ நிறப் பட்டு. வலப்பக்கம் ஐந்து பொத்தான். எதிலும் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

"அஞ்சு பட்டை எதுக்குன்னு தெரியுமாம்மா? இல்ல, கலர் நல்லாருக்குன்னு மாட்டிட்டு வந்தீங்களா?" என்றார் தியெம்.

"நாலு பட்டை, ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவுக்குங்க ஐயா. உள்ள மறைஞ்சிருக்கிறது, போட்டிருக்கிறவங்களுக்கு."

கிளிக்குச் சொல்லிக்கொடுத்தால் கிளியும் சொல்லும்.

அவர் தலைக்கு மேல், முன்னோர் மாடத்தில், அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அதிலும் ஐந்து பட்டை அங்கிதான். "அந்த அங்கியோடதான் எங்கம்மா மண்ணுக்குப் போனாங்க" என்று நாற்பது வருடங்களாக எல்லா விருந்தாளியிடமும் சொல்லி வருகிறார். இன்றும் சொன்னார்.

"அந்த மாதிரித் துணி இப்ப ஏது? இப்பல்லாம் உள்பட்டையே வைக்கிறதில்ல, வெளிப்பகட்டுதான். உங்களோடதுல இருக்கா? காட்டுங்க."

"ஏங்க, நாங்க பொண்ணு கேட்டு வந்தோமா, சோதனைச் சாவடிக்கு வந்தோமா?" என்றான் சித்தப்பன்.

தோவா அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரை.

"வேணாங்க ஐயா."

காரணம் கிடைத்துவிட்டது.

"இல்லாததை எப்படிக் காட்டுவீங்க?" என்று தியெம் எழுந்தார். அவர்கள் கொண்டுவந்திருந்த வெற்றிலைப் பெட்டியை இரண்டு விரலால் அவர்கள் பக்கமே தள்ளினார்.

உயென் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினாள். தோவா அதைக் கவனித்தாள்.

எழுந்து அவர் அருகில் வந்தாள். இடுப்போரத்துக் கடைசிப் பொத்தானைக் கழற்றி, மேல்பட்டையின் ஓரத்தை, அவருக்கு மட்டும் தெரியும்படி விலக்கினாள்.

உள்பட்டை இருந்தது. அதில் ஊதுபத்தி சுட்ட துளை. துளையை மூடிப் பச்சை நூலில் ஒரு சின்ன வௌவால். ஓர் இறக்கை மட்டும் சிறுத்திருந்தது.

ஏழு வயதில் சுட்டவர் அவர்தான். அடிக்காமல், பிள்ளைக்குப் பாக்கியம் வரட்டும் என்று வௌவாலைத் தைத்தவள் அம்மா.

அவள் இறந்தது ஊரே பசித்துக் கிடந்த வருடம். சாவுக்கு வந்தவர்களுக்கு அந்த வீட்டில் சோறு போடவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அரை மூட்டை அரிசியோடு பின்வாசலில் நின்ற சிப்பிக்காரியிடம் அரிசிக்கு ஈடாக அங்கியைக் கொடுத்தபோது, அவள் முகத்தைக்கூட அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தோவா பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா யாருகிட்டயும் காட்டினதில்லைங்க ஐயா" என்றாள் மெல்ல. "நானும் காட்ட மாட்டேன்."

"என்னங்க, இருக்கா இல்லையா?" என்றான் சித்தப்பன்.

"இருக்கு."

தியெம் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. வெற்றிலைப் பெட்டியை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உயென், என்ன நின்னுட்டிருக்கே? முதல்ல உன் மாமியாருக்கு ஊத்து."