படத்தில் இல்லாதது

"பாட்டெல்லாம் வேணாம்மா. இந்தப் படத்தைப் பாத்து நூத்தம்பது வார்த்தை இங்கிலீஷ்ல எழுது. இருவது நிமிஷம்" என்று மாப்பிள்ளையின் அப்பா மருதையன் ஒரு தாளை நீட்டினார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு பரீட்சையைப் பூதலூர் அதுவரை கண்டதில்லை. பெண்ணின் அப்பா இராஜாங்கம் மட்டும் அசரவில்லை. மகளிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு, "கேசரி எடுத்துக்குங்கண்ணே, ஆறிடும்" என்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. நம்ம பையன் இனியவன், வெளிநாடு போறதுக்கு வைக்கிற இங்கிலீஷ் பரீட்சை ஐ.இ.எல்.டி.எஸ்., அதை நாலு தடவை எழுதிட்டான். ரைட்டிங்ல நாலு தடவையும் அஞ்சரைதான். ஒம்பதுக்கு ஏழாவது வேணும். பொண்ணு ஏழு வாங்குச்சுன்னா அது வெளிநாட்டுக்குப் படிக்கப் போவும், இவன் புருஷன்ங்கற விசாவுல பின்னாடியே போயிடுவான். ஏழு வராதுன்னா, மன்னிச்சுக்குங்க, நாங்க கெளம்பிடறோம்."

இனியவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டு ஆசை அப்பாவுடையது. அவன் நீடாமங்கலத்தில் அறுவடை மிஷின் வாடகைக்கு விட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். ஆனால் போட்டோவில் பார்த்த நாளிலிருந்து எழில்மொழியை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தாளில் இருந்த ஒரு பார் சார்ட் படத்தால் இந்த இடம் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தான்.

பெண் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்க்கிறாள் என்று தரகர் சொல்லியிருந்தார். என்ன வேலை என்று மருதையன் கேட்டுக்கொள்ளவில்லை.

எழில்மொழி தாளைப் பார்த்தாள். ஒரு நாட்டில் ஆண்களும் பெண்களும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று முப்பது வருஷக் கணக்கு. பெண்களுக்கான கட்டங்கள் உயரமாக நின்றன. ஆண்களுக்கு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது நிமிஷம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மருதையன் அதை மகனிடம் தள்ளினார்.

"எவ்வளவுடா வரும்?"

"எட்டு வரும்ப்பா."

"எட்டா!" மருதையன் முதல் முறையாகக் கேசரியில் கை வைத்தார். "தரகர் முருகையன் தானா தேடி வந்து குடுத்த ஜாதகம். தேடி வருதேன்னு நான்கூடச் சந்தேகப்பட்டேன்."

"அவங்களும் எழுதட்டும்" என்றாள் எழில்மொழி. "அதே படம். அதே இருவது நிமிஷம்."

"அவன் எதுக்கும்மா? அவன் வண்டவாளம்தான் தெரிஞ்சதாச்சே!"

"நான் எழுதினேன்ல?"

நியாயம்தான். இனியவன் பேனாவை எடுத்தான்.

அவனிடம் ஒரே ஒரு கோளாறுதான். படத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும், காரணம் சொல்லக் கூடாது என்பது அந்தப் பரீட்சையின் விதி. அவனுக்கோ காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. தஞ்சாவூர் கோச்சிங் சென்டர் ஒன்றுக்கு வாரா வாரம் ஆன்லைனில் பயிற்சித் தாள் அனுப்புவான். திருத்துவது யாரென்று தெரியாது. 'படத்தில் இல்லாததை எழுதாதீர்கள்' என்று சிவப்பில் அடிக்கோடு போட்டு, ஐந்தரையோடு திரும்பி வரும்.

இன்றைக்காவது அடக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆரம்பித்தான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். காரணம் எழுதின கையும் அப்படித்தான். கடைசி வரியில் மீறிவிட்டது.

எழில்மொழி வாங்கிப் படித்தாள். அந்தக் கடைசி வரியை மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"பொம்பளைங்க சமைக்கிற நேரம் முப்பது வருஷமாக் குறையல. ஆம்பளைங்களுக்குப் பசி குறையாததுதான் காரணம்."

சமையலறையில் அவள் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. கேசரியை வாய்க்குக் கொண்டுபோன மருதையன் கையைப் பாதியில் நிறுத்தினார்.

எழில்மொழி கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, கீழே ஐந்தரை என்று போட்டாள்.

"பாத்தீங்களா, பொண்ணும் அதே அஞ்சரைதான் போடுது!" என்றார் மருதையன். தன் வார்த்தை பலித்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

இனியவனுக்குக் காது சூடாகிவிட்டது. எட்டு எங்கே, ஐந்தரை எங்கே. அவமானமாக இருந்தது. "உங்களுக்குச் சரிப்படலைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றான்.

"இது பரவாயில்லைங்க" என்றாள் அவள். "போன மாசம் ஏதோ ஒரு தீவுல நெல் விளைச்சல் குறைஞ்சதுக்கு, மேல இருக்கறவன் தண்ணி விடலைன்னு எழுதி அனுப்பியிருந்தீங்களே. தீவுக்கு மேல யாருங்க இருக்கா?"

இனியவன் சடாரென்று நிமிர்ந்தான். அந்தத் தாளை அவனையும் திருத்தினவரையும் தவிர யாரும் பார்த்ததில்லை.

"முப்பத்தெட்டுத் தாள்ணே" என்றார் இராஜாங்கம் நிதானமாக. "எல்லாம் இந்த ரூம்ல உக்காந்து திருத்தினதுதான். தம்பியோட தாள் வந்தா மட்டும் எங்களையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுவா. தாள்ல இருந்த பேரையும் ஊரையும் முருகையன்கிட்ட குடுத்து, ஜாதகத்தைக் கொண்டுபோய்க் குடுங்கன்னு அனுப்பினதும் இவதான்."

மருதையன் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, அஞ்சரைன்னு தெரிஞ்சுமா இவனைத் தேடிப் புடிச்சே? என்ன காரணம்?"

எழில்மொழி சிவப்புப் பேனாவை மூடினாள்.

"காரணம் சொல்லக் கூடாதுங்க, மாமா."