மடியேறும் சேவல்

ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பிள்ளையில்லாத வெள்ளையம்மா ஒரு சேவலைத் தன் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள்ளேயே வளர்த்தாள். வாசலில் உட்கார்ந்து "பா, பா" என்றால் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கிய அன்று, சாமிக்குக் காவு என்று புருஷன் சடையன் அதை அறுத்தான். கறியை அழுதுகொண்டே அவளும் தின்றாள். அந்தியில், பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டாள். சேவல் ஓடிவந்தது. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

சடையன் பயப்படவில்லை. மறுபடியும் கத்தியை எடுத்தான். அதன்பிறகு தினமும் அவன் சொல்ல அவள் கூப்பிட்டாள், அது வந்தது, அவன் அறுத்தான்.

ஒருநாள் அவன் அவசரப்படுத்தினான்: "கூப்புடு புள்ள, மசாலா அரைச்சாச்சு."

"வேணாங்க. என்னைய நம்பித்தானே வருது."

அறைந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

கூப்பிடாமலே சேவல் உள்ளே வந்தது. வழக்கம்போல் அவள் மடியில் ஏறி, சடையனைப் பார்த்துத் தானே கழுத்தை நீட்டியது.